ரவுண்ட் த கிளாக் கௌரி

இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாதவர்களால் ஊருக்கு எந்தக் கெடுதலும் வந்ததில்லை. சிரித்துவிட்டு, தலையாட்டிவிட்டு, அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்களாலும் பெரிய ஆபத்தில்லை. நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. ஆறு மாசம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்குப் போன ரகம். அந்த ரகத்தில் ஒருத்தி வாயைத் திறந்தால் ஒரு குப்பமே பட்டினி கிடக்கும். (குப்பமே என்பது கொஞ்சம் மிகை. ஒரு வீடு. எங்கள் வீடு.)

எங்கள் குப்பம் தோணிரேவைத் தாண்டி, கடலோடு சேருகிற ஏரியின் கரையில் இருக்கிறது. நைனா ஏரியில் வலை கட்டி இறால் பிடிப்பவர். (அப்பாவைத்தான் சொல்கிறேன். ஆந்திரா எங்களுக்குக் கூப்பிடு தூரம், அதனால் கூப்பிடுவதிலும் கொஞ்சம் ஆந்திரா.) அம்மா இறாலைத் தரம் பிரித்து வியாபாரி முனிரத்தினத்தின் கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுவாள். அவர் சொல்வதுதான் விலை. எதிர்த்துப் பேசினால் "இஷ்டமிருந்தா போடு, இல்லாங்காட்டி வூட்டுக்கு எடுத்துனு போய் கொழம்பு வையி" என்பார். நைனா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வருவார். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வரும். பி.காம் படித்த பெண் அல்லவா.

பொன்னேரியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் கிளாஸ். கீழே பஃப்ஸ் வேகும் வாசனை, மேலே நாங்கள் இருபது பேர் வாய் ஊறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மாஸ்டருக்கு ஒரு கொள்கை உண்டு. "சாதாரண இங்கிலீஷ் பேசுறவன எவனும் மதிக்க மாட்டான். இடியம் போட்டுப் பேசணும். ஃப்ரேசல் வெர்ப் போட்டுப் பேசணும். எதிராளி அசந்துரணும்" என்பார்.

ஃப்ரேசல் வெர்ப் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு வால். 'புட்' என்றால் வைப்பது. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. அந்த ஆறு மாசம் வீட்டில் எல்லோரும் என்னைப் புட் அப் வித் செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது, "அம்மா, வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சால்ட்" என்றேன்.

"இன்னாடி சொல்ற?"

"உப்பு தீந்து போச்சாம்."

"அத்த உப்பு தீந்துபோச்சுனு சொன்னா வாயி சுளுக்கிக்குமா?"

நைனா மட்டும் கிண்டல் செய்ய மாட்டார். மகள் இங்கிலீஷ் பேசுவதை ரேடியோ கேட்பது போல அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் ஆசையாகக் கேட்டார்.

"வாடக் காத்துக்கு இங்கிலீஷ்ல இன்னா பேரு, கௌரி?"

"விண்டு நைனா."

"கொண்டலுக்கு?"

"அதுவும் விண்டுதான்."

"ரெண்டும் ஒண்ணா? அப்போ அவுங்க எத்த நம்பி தொழிலுக்குப் போறாங்க?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நிலா நீலமாக இருப்பதைப் பற்றியும் கேக் துண்டைப் பற்றியும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற ஒரு பொருளுக்குக்கூடச் சொல் கொடுக்கவில்லை என்பது அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மாஸ்டர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் செய்து ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். மற்றவர்கள் எல்லாம் டிவி கம்பெனி, கேஸ் கம்பெனி என்று போன் போட்டார்கள். நான் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போட்டேன். யார் யாரிடமோ மாற்றிவிட்டார்கள். கடைசியில் சாமான் கொள்முதல் பார்க்கிற ஆள் வந்தார். என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது இறால்தான். ஏரி இறால், உயிரோடு துள்ளும் இறால், எங்கள் நைனா பிடிக்கும் இறால் என்று இருந்த இடியத்தை எல்லாம் கொட்டினேன். அவர், ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், ஊருக்கு வழி சொல் என்றார்.

வீட்டுப்பாடத்துக்கு மாஸ்டர் எனக்கு முழு மார்க் போட்டார்.

நைனாவிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. நம்பியதும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். முனிரத்தினத்தின் கொட்டகைக்குப் போகாமல் இறாலை விற்பது என்பது எங்கள் குப்பத்தில் அதுவரை யாருக்கும் நடந்ததில்லை. இது மட்டும் சரியாக வந்துவிட்டால் நம் விலையை நாமே சொல்லலாம் என்றார். "நம்ம வூட்டு இறாலு மட்டும் போதாதுனு சொன்னா, குப்பத்துல அல்லாரும் சேந்து குடுத்துக்கலாம்" என்றும் சொன்னார். அவர் அப்படித்தான், தனக்கு வருவதற்கு முன்பே பங்கு பிரித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. பெயர் சொன்னார், எங்களுக்குப் பிடிபடவில்லை, அதனால் நைனா அவருக்குப் 'பர்சேஸு' என்று பெயர் வைத்துவிட்டார். அம்மா இறால் தொக்கு வைத்திருந்தாள். பர்சேஸு கண்ணில் தண்ணீர் வர வர மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு பேச்சு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர், எதிரே நைனா, நடுவில் நான். வாசலில் பாதிக் குப்பம். வாழ்க்கையில் இப்படி ஒரு கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது அன்றுதான். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன்.

"கேன் யூ சப்ளை எவ்ரி டே?" என்றார். தினமும் கொடுக்க முடியுமா என்று நைனாவிடம் கேட்டேன்.

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல பாட்டப் பத்தி சொல்லும்மா. அத்த சொல்லாம மேல பேசாத."

பாடு என்பது எங்கள் ஏரியில் எழுதாத சட்டம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடுகிற நல்ல இடம் கொஞ்சம்தான், ஆட்கள் அதிகம். அதனால் ஒருநாள் எங்கள் குப்பம் வலை கட்டும், மறுநாள் பக்கத்துக் குப்பம். எங்கள் நாளிலும் யாருக்கு எந்த இடம் என்பதற்குச் சீட்டுப் போடுவார்கள். அந்தச் சீட்டுச் செம்பைக் குலுக்குகிற ஆளை இரண்டு குப்பமும் சேர்ந்து ஒத்துக்கொள்ள வேண்டும். பல வருஷமாக அதைக் குலுக்கியவர் எங்கள் நைனா. அடுத்தவன் பாட்டில் வலை போடுவது எங்கள் பக்கம் திருட்டைவிடக் கேவலம்.

இவ்வளவையும் நைனா விளக்கமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பர்சேஸும் என்னைப் பார்த்தார். பாதிக் குப்பமும் பார்த்தது.

நான் என் சரக்கை எல்லாம் துழாவினேன். மாதத்தில் ஒருநாள்கூட நடக்காததைச் சொல்ல ஒரு இடியம் இருந்தது. படுத்துத் தூங்குவதற்கு ஒன்று இருந்தது. தேவையில்லாமல் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்கு இரண்டு இருந்தன. பாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. கடைசியில் கைக்குக் கிடைத்தது 'கெட் அலாங் வித்'. ஒத்துப்போவது. கிட்டத்தட்ட வருகிறதே என்று எடுத்து வீசினேன்.

"சார், வீ கெட் அலாங் வித் த நெக்ஸ்ட் வில்லேஜ்!"

பக்கத்து ஊரோடு நாங்கள் ஒற்றுமையாக இருக்கிறோம். பர்சேஸு ரொம்ப மரியாதையாக, "ஓ, நைஸ்" என்றார். பிறகு இறால் பேச்சுக்குத் திரும்பினார். "ஸோ, எவ்ரி டே?"

இந்த இடத்தில் புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் 'நோ' என்றிருப்பாள். ஓர் எழுத்து, வாலும் இல்லை, கொம்பும் இல்லை. எல்.கே.ஜி பிள்ளைக்குத் தெரியும். ஆனால் 'நோ' சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. இல்லை என்பதைப் பாதிக் குப்பத்துக்கு முன்னால் ஒத்துக்கொள்ளவும் மனசில்லை. போன வாரம்தான் மாஸ்டர் ஒரு ஜோரான இடியம் நடத்தியிருந்தார், ராப்பகலாக, இடைவிடாமல் என்று அர்த்தம். அது நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ரவுண்ட் த கிளாக், சார்!"

பர்சேஸு முகம் மலர்ந்து எழுந்து கை நீட்டினார். நைனா கையை லுங்கியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பிடித்துக் குலுக்கினார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

கார் போனதும் நைனா கேட்டார்: "ஒரு நா வுட்டு ஒரு நாதான்னு சொன்னியாம்மா?"

"எல்லாம் சொல்லிட்டேன் நைனா."

பிறகு மெதுவாகப் புரியவைத்துக்கொள்ளலாம், ஆர்டர் வரும்போது நம் பாட்டு நாளாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு கணக்கு. அதைக்கூடச் செய்திருப்பேன். அதற்குள் 'கவுண்ட் ஆன்' வந்துவிட்டது.

விஷயம் இதுதான். மறுவாரம் பர்சேஸு போன் செய்தார். ஓட்டலில் பெரிய கல்யாண விருந்து, வியாழக்கிழமை காலையில் வண்டி வரும், பெட்டி நிறைய இறால் வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, "கேன் ஐ கவுண்ட் ஆன் யூ?" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முந்தின நாள்தான் கிளாசில் 'கவுண்ட் ஆன்' நடந்திருந்தது. நம்பியிருப்பது என்று பொருள். பேக்கரி மாடியில் கற்ற சொல்லை ஒரு நிஜ மனிதர், நிஜ போனில், என்னிடம் சொல்கிறார்! திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டது போல இருந்தது. "யெஸ் சார், யூ கேன் கவுண்ட் ஆன் அஸ்!" என்று கத்தினேன். அந்த வியாழக்கிழமை யாருடைய பாடு என்று எங்கள் குப்பத்தில் பால்குடி மறந்த பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நான் கேட்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை.

சொந்தக்காரர் ஊருக்குப் போயிருந்த நைனா புதன்கிழமை மத்தியானம்தான் திரும்பினார். சந்தோஷமாகச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வியாழன் அவுங்க பாடாச்சே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். "அவருக்குத்தான் தெரியுமே. நாளு மாத்திச் சொல்லு."

நான் போனைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னியா, இல்லியா?"

அழுகைதான் வந்தது. நைனாவுக்குப் புரிந்துவிட்டது. போன் போடச் சொன்னார். போட்டேன். பர்சேஸு விருந்து, மெனு, அச்சடித்தாகிவிட்டது என்று என்னென்னவோ வேகமாகப் பேசினார், எனக்கு நாலில் ஒன்று புரிந்தது. ஒரு நாள் தள்ளி என்று நான் திக்கித் திணறிச் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. "யூ கேவ் மீ யுவர் வேர்ட். டோன்ட் லெட் மீ டவுன்" என்று வைத்துவிட்டார். 'லெட் டவுன்' அடுத்த வாரப் பாடம். நடத்தாமலேயே புரிந்தது.

"இன்னாமே சொல்றாரு?" என்று அம்மா கேட்டாள்.

"வாக்கு குடுத்துட்ட, கைவிட்டுராதனு சொல்றாரு."

அம்மா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. (எழுதினால் அச்சாகாது.) நைனா திட்டவில்லை. சாயந்திரம் பக்கத்துக் குப்பத்துக்குப் போய்விட்டு வந்தார். நாளைக்கு அவர்கள் பிடிக்கப்போவதை விலைக்குக் கேட்டிருக்கிறார். எல்லாம் முனிரத்தினத்துக்கு என்று ஏற்கெனவே பேசியாகிவிட்டது. திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர், பாதியில் கை கழுவினார்.

"வுடு நைனா, வரட்டும், திட்டட்டும், வெறும் வண்டியா போவட்டும்" என்றேன்.

"நீ சொன்னது நான் சொன்னதுதானேம்மா. என் கையத்தான் புடிச்சிக் குலுக்கினு போனாரு."

விடிந்தபோது கரையில் கூச்சல் கேட்டு ஓடினேன். பக்கத்துக் குப்பத்து ஆட்கள் நைனாவின் தோணியை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை. ஒருவர் மட்டும் நைனாவைப் பார்த்துத் திரும்பத் திரும்ப, "ஏழுமல அண்ணனா? நீயா அண்ணா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தோணியில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்திலேயே நல்ல இறால்.

கிராமத்தார் பஞ்சாயத்துக்குக் கோயிலடியில் உட்கார்ந்தார்கள். ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். "வாக்கு குடுத்துட்டேன்" என்றார் நைனா. யார் கொடுத்தது, எந்த மொழியில் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. நான் பெண்களோடு ஓரமாக நின்றிருந்தேன். 'நான்தான், நைனா இல்லை' என்று சொல்ல வேண்டியது என் வேலை. தமிழ்தான், பிறந்ததிலிருந்து பேசுகிற தமிழ். அதுவும் வரவில்லை. இன்றுவரை நான் நினைத்து நினைத்து வருந்துவது அந்த ரவுண்ட் த கிளாக்குக்காக அல்ல, அந்தக் கோயிலடியில் வாயை மூடிக்கொண்டு நின்றதற்குத்தான்.

அந்தப் பருவம் முழுவதும் நைனாவுக்குப் பாடு கிடையாது என்று தீர்ப்பு. பிடித்த இறாலை ஏலம் விட்டு அம்மனுக்குச் சேர்த்துவிடுவது வழக்கம். ஏலம் எடுத்தது யார்? முனிரத்தினம். அவர் கொட்டகைக்குப் போவதற்குள் ஓட்டல் வண்டி வந்துவிட்டது. டிரைவர் அங்கேயே அவரிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கல்யாண விருந்து ஜாம்ஜாமென்று நடந்ததாம். நைனா பிடித்த இறாலைத்தான் அத்தனை பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஓட்டல் வண்டி அதற்குப் பிறகு பல வருஷம் வந்தது, நேராக முனிரத்தினத்தின் கொட்டகைக்கு. குப்பத்துக்கே பங்கு பிரித்துக் கொடுக்க இருந்த வியாபாரத்தை அவருக்குப் பிடித்துக்கொடுத்தது என் வீட்டுப்பாடம்.

அந்த வருஷம் நைனா அடுத்தவர் போட்டில் கூலி ஆளாகக் கடலுக்குப் போனார். அம்மா அதே கொட்டகையில் இறால் உரிக்கப் போனாள். நான் கிளாசுக்குப் போவதை நிறுத்தினேன். மாஸ்டர் போன் செய்து, "ஒய் டிட் யூ டிராப் அவுட்?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும், 'டிராப் அவுட், பாதியில் நின்றுவிடுவது' என்று மனசு குறித்துக்கொண்டது. திருந்தாத ஜென்மம்.

நடந்ததை அம்மா குழாயடியில் சொல்ல, ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் சிரித்தது. எனக்குப் பெயர் வந்தது. ரேஷன் கடையில் என்னைப் பார்த்தால், "இன்னா கௌரி, ரவுண்ட் த கிளாக்கா?" என்பார்கள். என் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார்கள், இன்றைக்கும் என் கணவருக்கு அது உபயோகப்படுகிறது. எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு இருக்கிறதா, மாத்திரை போட்டாச்சா, பஸ் எப்போது, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். நைனாவும் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரிப்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அடுத்த பருவம் பாடு திரும்ப வந்துவிட்டது. சீட்டுச் செம்பு வரவில்லை. இப்போது வேறொருவர் குலுக்குகிறார். நைனா மற்றவர்களோடு வரிசையில் நின்று சீட்டு எடுக்கிறார்.

நான் இப்போது சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க இங்கிலீஷ்தான், இடியம் இல்லாத சப்பை இங்கிலீஷ். போன மே மாசம் லீவுக்கு என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு. அவளும் பெரியப்பா வீட்டு அண்ணன் மகனும் ஒரே சைக்கிளுக்கு அடித்துக்கொண்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், பள்ளிக்கூடத்து அம்மாக்கள் எல்லோரும் சொல்வதைப் பழக்கதோஷத்தில் கத்தினேன்.

"டேக் டர்ன்ஸ்!"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்தார். "இப்ப இன்னா சொன்ன?"

"மாத்தி மாத்தி ஓட்டுங்கனு சொன்னேன் நைனா."

"ஒரு தபா அவன், ஒரு தபா இவ. அதானே?"

"ஆமா."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நைனா விரலால் சோற்றை அளைந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ பாட்டுக்கு இங்கிலீஷ் இருக்குது."

"இருக்குது நைனா."

"இவ்ளோதானா?"

கோபமே இல்லை அந்தக் குரலில். அதிசயம்தான் இருந்தது. அம்மாதான் சூழ்நிலையைக் காப்பாற்றினாள். பேத்தியைப் பார்த்து, "ஏம்மே, இத்த உங்கம்மாவுக்கு அப்பவே சொல்லிக் குடுத்திருக்கக் கூடாது?" என்றாள்.

"நான் அப்போ பொறக்கவே இல்ல பாட்டி!"

வீடே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது ஏதாவது சொதப்பினால், "நான் அப்போ பொறக்கவே இல்ல" என்பதுதான் புது ஜோக்.

அன்றைக்கு நைனா மட்டும் சிரிப்பில் சேரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போல, மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"டேக் டர்ன்ஸ்."